பெரியநாயகியின் முந்தானை

"மங்களூர் போகிறோம்" என்று நாம் சொன்ன மாத்திரத்தில் நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் கடற்கரை ரம்மியமாயிருக்கும் என்றார். வீடு கட்டிக்கொண்டிருக்கும் மற்றொருவர் ஓட்டு விலையை விசாரித்து வரும்படி வேண்டிக்கொண்டார். 1865-ல் பாஸல் மிஷன் பாதிரிமார் சூளை போட்டு ஓடு சுடத் தொடங்கினார்களே, அந்த மேல்கடற்கரை மங்களூர் வேறு. நாம் போக வேண்டிய மங்களூர் வேறு. இது கடலூர் ஜில்லாவின் மேற்குப் பக்கத்தில், திட்டக்குடி தாலூகாவைச் சேர்ந்தது. மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிச் சீமை. கடல் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஆனால் மண்ணைச் சுடும் தொழில் மட்டும் இங்கேயும் பக்கத்திலேயே இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கானை அறியாதவர் தமிழ் நாட்டில் உண்டோ?

நாம் போன காரியம் உல்லாசப் பிரயாணமன்று. மங்களூரில் நமது பெரியம்மா தனியாக இருக்கிறார். வயது எண்பத்தொன்று. பெரியப்பா காலமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. மூத்த பிள்ளை சிங்கப்பூரில். இளையவர் சென்னையில், லிப்டில் ஏறிப் போகும் வீட்டில். சென்ற ஐப்பசி மழையின்போது பெரியம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பொழுது விடிந்து பால்காரர் வரும் வரையில் அங்கேயே கிடந்தார். எலும்பு முறியாமல் போனது தெய்வச் செயல். அதன் பிறகு பிள்ளைகள் இருவரும் டெலிபோனிலேயே கூடிப் பேசி, விருத்தாசலத்தில் ஏதேனும் ஒரு முதியோர் இல்லத்தில் அம்மாவைச் சேர்த்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். பணம் அவர்கள் அனுப்புவார்கள். இடம் பார்த்து, பெரியம்மாவைச் சமாதானம் செய்து, கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. "நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பார்கள், அண்ணா" என்று இளையவர் சொன்னபோது அதை நாம் ஒரு புகழ்ச்சியாகக்கூட எடுத்துக்கொண்டோம்!

எழும்பூரில் ஏறிய ரயில் விழுப்புரத்தில் நின்றபோதுதான் மனம் கலங்கிற்று. இந்த விழுப்புரத்துக்குச் சமீபத்தில் உள்ள குண்டலப்புலியூர் என்ற சிற்றூரின் பெயர் 2023 பிப்ரவரியில் பத்திரிகைகளில் அடிபட்டது நேயர்களுக்கு ஞாபகமிருக்கும். அங்கே ஆசிரமம் என்ற பெயரில் நடந்துவந்த விடுதியில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைத் தேடிக்கொண்டு போனார்கள். அவர் அங்கே இல்லை. பெங்களூரில் வேறோர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் கிடைத்தது. அங்கே போய்ப் பார்த்தால் அங்கும் இல்லை. சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். 140-க்கு மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். கட்டிவைத்தார்கள், அடித்தார்கள், குரங்கை விட்டுக் கடிக்கச் செய்தார்கள் என்றெல்லாம் அவர்களிற் பலர் முறையிட்டார்கள். உரிய அனுமதி இல்லாமலே அந்த விடுதி பல வருஷம் நடந்துவந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் போயிற்று, தேசிய மனித உரிமை ஆணையமும் விசாரணைக்கு ஆள் அனுப்பிற்று.

அதற்கு முன் ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லாவிலுள்ள அந்த ஊரில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றிக்கொண்டது. மாண்டவர்கள் 28 பேர். அவர்களால் ஓட முடியவில்லை, சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது.

இந்த இரண்டு இடங்களிலும் நம்மை உறுத்துவது ஒரே விஷயம். அங்கே கொண்டுபோய் விட்டவர்களில் எத்தனை பேரைக் கொடியவர்கள் என்று சொல்ல முடியும்? 'நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள்' என்று நம்பி விட்டுவிட்டு வந்தவர்களே அநேகராயிருக்க வேண்டும். இப்பொழுது நாமும் அதே வாக்கியத்தை மனத்தில் ஒப்பித்துக்கொண்டுதானே போகிறோம்!

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கிப் பஸ் பிடித்து மங்களூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண் பார்வை மட்டம். கல்லை விரலால் கண்டுபிடித்து எடுத்துப் போடுகிறார். "வாப்பா, கை கால் கழுவு" என்றார். வந்த காரியத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாடு ஆயிற்று, வெற்றிலை ஆயிற்று. நாமாகவே ஆரம்பித்து, இல்லத்தில் டாக்டர் வருவார், வேளைக்கு ஆகாரம் கிடைக்கும், பேச்சுத் துணைக்கு ஆட்கள் இருப்பார்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கினோம். பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி போட்டார்:

"அங்கே என்னை என்னவென்று கூப்பிடுவார்கள், தம்பி?"

நமக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் தயாரித்து அனுப்பிய நீண்ட ஜாபிதாவில் கட்டில், கழிப்பறை, மாதச் செலவு, ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்தன. இந்தக் கேள்வி இல்லை.

மறுநாள் காலை பெரியம்மாவும் நாமும் விருத்தாசலத்துக்குப் புறப்பட்டோம். "முதலில் பழமலைநாதரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது" என்று கட்டளையாகிவிட்டது. மணிமுத்தாற்றில் மணல் அதிகம், ஜலம் குறைவு. சுந்தரமூர்த்தி நாயனார் பன்னீராயிரம் பொன்னை இந்த ஆற்றிலே போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்துக்கொண்டார் என்பது கதை. "இங்கே போட்டதை அங்கே எடுக்கிற வித்தை அவருக்குத்தான் தெரியும். நான் பிள்ளைகளிடம் போட்டேன், எங்கே எடுப்பதென்று தெரியவில்லை" என்று பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

இந்த ஸ்தலத்தைப் போல் முதுமைக்கு மரியாதை செய்யும் ஸ்தலம் வேறு உண்டா என்பது சந்தேகந்தான். ஊரின் பழைய பெயர் முதுகுன்றம். சுவாமி பழமலைநாதர், அம்மன் விருத்தாம்பிகை, அதாவது பெரியநாயகி. எல்லாமே வயதானவை. ஆனால் அதே கோயிலில் பாலாம்பிகை என்று இளைய நாயகிக்கும் ஒரு சந்நிதி இருக்கிறது. அதற்குக் காரணமாகச் சொல்லும் கதையைப் பெரியம்மா பிராகாரத்தில் உட்கார்ந்து நமக்குச் சொன்னார். குருநமசிவாயர் என்ற மகான் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் இங்கே தங்கினாராம். இரவில் பசி. அம்மனைக் கிழத்தி என்று விளித்துச் சோறு கொண்டுவரும்படி ஒரு பாட்டுப் பாடினார். அம்மன் கோலூன்றிய கிழவியாக எதிரே வந்து நின்றாள். "கிழவி, கிழவி என்கிறாயே, கிழவி எப்படியப்பா சோறு சுமந்து வருவாள்?" என்று கேட்டாள். மகான் திடுக்கிட்டு, அவளை இளமை மாறாதவளாக வைத்து வேறு பாட்டுப் பாடினார். அவள் இளநங்கையாக வந்து அன்னமிட்டாள்.

இந்தக் கதையை நாம் முன்பு பலமுறை கேட்டதுண்டு. பக்தருடைய பாட்டின் சக்தியைக் காட்டும் கதை என்றே நினைத்திருந்தோம். பெரியம்மா சொன்னபோது அது வேறு கதையாக இருந்தது. அம்மனுக்கு வயது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அவள் பெயரே பெரியநாயகிதான். ஒரே சொல்லுக்குள் தன்னைப் பூராவும் அடைத்துவிட்டானே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இன்னொரு விஷயமும் இந்த ஊருக்கு உண்டு. இங்கே உயிர் விடுகிறவர்களை அம்மன் தன் மடியில் கிடத்திக்கொண்டு முந்தானையால் விசிறுவாளாம். சுவாமி காதில் ஐந்தெழுத்தை ஓதுவாராம். விருத்தகாசி என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஐசுவரியம் தருவாள், ஆரோக்கியம் தருவாள் என்று சொல்லப்படும் தெய்வங்கள் அநேகம். சாகிறவனுக்குப் புழுக்கமாயிருக்குமே என்று விசிறிவிடும் தெய்வத்தை நாம் இங்கேதான் கேள்விப்படுகிறோம்.

கோயிலை விட்டு வரும் வழியில் பீங்கான் கடைகள். நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரியோடு கிளம்பும் வெண்களிமண், இந்த ஊரில் பொம்மையாகவும் விளக்காகவும் மின்சாரச் சாமானாகவும் ரூபம் எடுக்கிறது. இந்தத் தொழிலைக் கற்பிக்க சர்க்கார் பள்ளியே இங்கே உண்டு. பெரியம்மா நெடுநேரம் பொறுக்கி ஒரு வெள்ளை அகல் விளக்கு வாங்கினார். எங்கே போனாலும் சாயங்காலம் ஒரு விளக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர் சங்கற்பம்.

முதலில் பார்த்த இல்லம் பெரியது. பெயர் வேண்டாம். வழவழப்பான தரை, சுவரில் டெலிவிஷன், வரிசையாகக் கட்டில்கள். கட்டில்தோறும் நம்பர். தம்ளரிலும் அதே நம்பர். மானேஜர் மரியாதைப்பட்டவர்தான், நமக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்து, ஆகார அட்டவணையை வாசித்துக் காட்டினார். பெரியம்மா பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவரைத் தாண்டி நம்மைப் பார்த்து மானேஜர் கேட்டார்: "பாட்டி எப்படி? சொன்ன பேச்சைக் கேட்குமா? ராத்திரி எழுந்து நடக்குமா?"

கேட்குமா! நடக்குமா! தமிழ் இலக்கணத்தில் மக்களை உயர்திணை என்றும், மற்றவற்றை அஃறிணை என்றும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டில் குழந்தையை "அது சாப்பிட்டதா?" என்கிறோம், அதில் கொஞ்சல் இருக்கிறது. பேரப் பிள்ளை பாட்டியை அப்படிச் சொன்னாலும் அதில் பாசம் இருக்கலாம். ஐம்பது வருஷம் ஒரு குடும்பத்தை நிர்வகித்த ஸ்திரீயை, முன் பின் பார்த்திராத ஒருவர், அவர் எதிரிலேயே அஃறிணையில் விசாரிக்கும்போது அதில் என்ன இருக்கிறது? மானேஜர் மேல் நமக்குக் கோபம் வரவில்லை. அவர் எந்தத் தீங்கும் நினைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. குண்டலப்புலியூரைப் பற்றி வந்த புகார்கள் எல்லாம் கடைசிப் படியில் நிற்கிறவை. அங்கே இறங்கிப் போகும் படிக்கட்டின் முதற்படி இந்தக் 'கேட்குமா'வாக இருக்கலாகாதா?

பெரியம்மா விளக்கை எடுத்துக் காட்டி, "இதை ஏற்றலாமா?" என்று கேட்டார். "தீ விபத்து ஆகும் பாட்டி, இங்கே அனுமதி இல்லை" என்றார் மானேஜர். ஏர்வாடியை நினைத்துக்கொண்டு வந்த நாம் இதில் குற்றம் காண முடியாது. விதி சரியான விதிதான். ஆனால் வேறு எங்கே ஏற்றலாம், யார் உடன் இருப்பார்கள் என்று இரண்டாவது வார்த்தை ஒன்று இருந்திருக்கலாம். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எவரும் எவருடனும் பேசவில்லை. குளிக்கும் நேரம் ஆறு, தூங்கும் நேரம் எட்டு என்று சுவரில் எழுதியிருந்தது.

இங்கிலாந்தில் பீட்டர் டவுன்ஸெண்ட் என்ற அறிஞர் 173 இல்லங்களை நேரில் சுற்றிப் பார்த்து 1962-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். பணக்கார தேசத்திலும் அவர் கண்டது இதே காட்சியைத்தான்: பட்டினி இல்லை, ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, தீர்மானிப்பதற்கும் ஒன்றும் இல்லை.

வெளியே வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நம் தேசத்தில் சட்டத்திற்குக் குறைவில்லை. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. வயிற்றுக்குப் போடாத பிள்ளைகள்மேல் ஆர்.டி.ஓ. முன்னிலையில் மனுச் செய்துகொள்ளலாம். கவனித்துக்கொள்ளவேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்துச் செய்யவும் அதில் வழி இருக்கிறது. ஜில்லாவுக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படி, சர்க்கார் இல்லம் ஏற்படுத்தலாம் என்றும் இருக்கிறது. 'லாம்' என்பதைக் கவனியுங்கள். 'வேண்டும்' என்று எழுதவில்லை. 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, ஜில்லாதோறும் எத்தனை இல்லங்கள் இருக்கின்றன என்ற கணக்கையே கேட்டு வாங்கும்படி உத்தரவிட வேண்டியிருந்தது. 2011 ஜனக்கணிதப்படி தமிழ் நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். கஷ்டத்திலிருக்கும் முதியோருக்காக 14567 என்ற டெலிபோன் நம்பரும் உண்டு. நேயர்கள் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் 'கேட்குமா' என்றதற்காக அந்த நம்பரைக் கூப்பிட முடியுமா?

பிள்ளைகளின் வீடு தவிர வேறிடத்தில் முதியவர் இருப்பதே அவமானம் என்று சொல்லுகிறவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. சென்னையில் 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சித் தொட்டியாக ஆரம்பித்த மணியக்காரர் சத்திரம், பிற்காலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு நிழலாயிற்று. 1978-ல் 'விச்ராந்தி'யைத் தொடங்கிய ஸ்ரீமதி சாவித்திரி வைத்தி, பிள்ளைகள் வராத இடத்தில் ஈமக்கடனையும் தாமே முன்னின்று நடத்தியவர். கிணற்றடியில் இரவு பூராவும் கிடப்பதைவிட நல்ல இல்லம் ஆயிரம் மடங்கு மேல். 'நல்ல' என்பதை எதனால் அளப்பது என்பதே பிரச்னை.

இரண்டாவது இடம் ஊரின் ஓரத்தில், ஒரு பழைய வீடு. பதினான்கு பேர். கூரை சிமெண்டுத் தகடு. நடுப்பகலில் அனல் வீசத்தான் வீசும். டெலிவிஷன் உண்டு, சத்தம் சரியாக வராது. நாம் நுழையும்போது வேலைக்கார அம்மாள் ஒருவர் ஒரு தாத்தாவின் கட்டிலருகே குனிந்து, "ஐயா, துணி மாற்றிவிடட்டுமா? கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தாத்தாவுக்கு நினைவு தவறிவிட்டதாம். கேட்டது புரிந்திருக்குமா என்பதே சந்தேகம். இருந்தாலும் கேட்டார், கதவையும் சாத்தினார்.

அந்த அம்மாளோடு பேசிப் பார்த்தோம். பக்கத்துக் கிராமம். முன்பு பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் பூசியவர். இங்கும் ஏறக்குறைய அதே கூலிதான். இரவில் பதினான்கு பேருக்கும் அவர் ஒருவரே. பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு இல்லத்துக்காரரைப் பார்த்து, "கோயில் கட்டினபோது விபசித்து முனிவர் வேலைக்காரர்களுக்கு வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அது அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொன்னாக மாறிற்று. நீங்கள் வெறும் இலையாகவே கொடுத்தால் இவள் எத்தனை நாள் இருப்பாள்?" என்றார். இல்லத்துக்காரர் தலையைச் சொறிந்துகொண்டார். இரவுக்கு இன்னொரு ஆள் வைத்தால் மாதக் கட்டணம் ஏறும் என்றார். "ஏறட்டும். சிங்கப்பூரில் இருக்கிறவனுக்கு அது தெரியட்டும்" என்றார் பெரியம்மா. இந்தச் செலவைப் பற்றிப் பிள்ளைகளின் ஜாபிதாவில் கேள்வி ஏதும் இல்லை. நாமே எழுதிச் சேர்த்துக்கொண்டோம்.

பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். நாம் வாயை மூடிக்கொண்டோம். பெட்டிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம்? காய் நறுக்கக் கொடுப்பார்களா? தை மாதம் ஊருக்குப் போய்ப் பொங்கலிட்டு வரலாமா? செத்துப்போனால் யாருக்கு முதலில் சொல்வார்கள்? சிலவற்றுக்குப் பதில் வந்தது, சிலவற்றுக்கு, "இதுவரை யாரும் கேட்டதில்லை, அம்மா, யோசித்துச் சொல்கிறேன்" என்ற பதில் வந்தது. நமக்கு அந்தப் பதிலே பிடித்திருந்தது. விளக்குக்கு முற்றத்துச் சுவரில் ஒரு பிறை இருந்தது. மூன்று பேர் ஏற்கனவே அங்கே ஏற்றுகிறார்களாம்; வேலைக்கார அம்மாள் அணைகிற வரையில் பக்கத்திலேயே இருப்பாராம்.

ஒரு மாதம் இருந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தது நாமல்ல. மங்களூர் வீட்டுச் சாவியைப் பெரியம்மா யாரிடமும் கொடுக்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டார். "பிடிக்காவிட்டால் நானே பஸ் ஏறிப் போய்விடுவேன். அதையும் அவர்களுக்குச் சொல்லிவிடு" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முன்கூட்டிச் சொல்லாமல், நாம் வந்து பார்க்க வேண்டும் என்றும் உத்தரவு. சொல்லிவிட்டு வந்தால் தரையெல்லாம் துடைத்து வைத்துவிடுவார்களாம்!

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. வெள்ளை அகல் பிறையில் நாலாவதாக ஏறிற்று. வேலைக்கார அம்மாள் வந்து, "அம்மா, காலையில் வெந்நீர் எத்தனை மணிக்கு வைக்கட்டும்?" என்று கேட்டார்.

பெரியம்மா சற்று யோசித்தார்.

"விடியட்டும், சொல்கிறேன்" என்றார்.